துண்டுக்குள் கை

கிழவர் தூங்கிவிட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தூங்கினாரா, சொல்லாமலே தூங்கினாரா என்பதுதான் பிடிபடவில்லை, அது பிடிபடாமல் இந்த பிளாஸ்டிக் நாற்காலியைவிட்டு நான் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் வாசலில் மகன் நிற்கிறான், ஆச்சுங்களா என்பான், ஆச்சு என்றோ இல்லை என்றோ ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறேன். சிவப்பாக ஒரு கோடு இருக்கிறது. நகம் கீறிய கோடு. ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தால் இருக்கிறது, மடியில் வைத்துப் பார்த்தால் இல்லை, கை ரேகையோடு ரேகையாகப் போய்விடுகிறது. கட்டிலுக்கடியில் காற்று மெத்தையின் மோட்டார் உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது. படுக்கைப்புண் வராமலிருக்க வாங்கிப் போட்ட மெத்தை, ஒரு வரிசை உப்பும், பக்கத்து வரிசை அமுங்கும், கொஞ்ச நேரம் கழித்து இது அமுங்கி அது உப்பும். அதன் மேல் கிழவர் உடம்பு தானாகவே ஏறி இறங்குகிறது, தோள் அசைகிறது, முழங்கை நகர்கிறது, அந்த அசைவில் கை வந்து என் கையில் உரசியிருக்கலாம், அவ்வளவுதான் விஷயமாக இருக்கலாம், மோட்டார் சொன்ன பதிலை மனுஷன் சொன்ன பதிலென்று எடுத்துக்கொண்டு இங்கே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். கட்டில் ஓரத்துக் கம்பியில் மூத்திரப் பை தொங்குகிறது. பாதி நிறைந்திருக்கிறது. டெட்டால் வாசனை, அதற்கடியில் வேறொரு வாசனை, எத்தனை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கியிருக்கிறேன், அந்த இரண்டாவது வாசனை மட்டும் பழகவே இல்லை.

அதுதான் என் பிழைப்பு. நோட்டரி நாச்சிமுத்து. ஆபீசில் உட்கார்ந்து முத்திரை குத்துகிற நோட்டரிகள் பொள்ளாச்சியில் நிறைய, அவர்களெல்லாம் கொடுத்து வைத்தவர்கள், கையெழுத்து அவர்களைத் தேடி வரும். நான் கையெழுத்தைத் தேடிப் போகிறவன். நடக்க முடியாதவர்கள், எழுந்திருக்க முடியாதவர்கள், பிளேனுக்கு நேரமாகிவிட்டவர்கள், ஜெயில் வாசலில் நிற்கிறவர்கள், ஐசியூவுக்குள் போகப் போகிறவர்கள், எல்லாரிடமும் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் போய் நிற்கிறவன். வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது, ஆனால் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வாயை யார் மூட முடியும், நாச்சிமுத்து வக்கீலைக் கூப்பிடுங், வீட்டுக்கே வருவாருங், கொஞ்சம் கத்துவாருங் என்று அவர்களே சொல்லியனுப்புகிறார்கள். கத்துவேன்தான். கத்தாமல் இந்தத் தொழிலில் என்ன செய்வது. போன இடத்தில் நான் முதலில் செய்வது எல்லாரையும் அறையைவிட்டு வெளியே துரத்துவது. மகன், மருமகன், பங்காளி எல்லாரும் வெளியே. அப்புறம் படுத்திருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். பேச வாயில்லாதவர்கள் கையை அமுக்கினால் ஆமாம், விட்டுவிட்டால் இல்லை. உங்க பேரு இன்னதுதானே, அமுக்குவார்கள். இந்தப் பேப்பரில் இன்னது எழுதியிருக்கிறது, தெரியுமா, அமுக்குவார்கள். நடுவில் ஒரு பொய்யை வைப்பேன், உங்களுக்கு ஒன்பது பிள்ளைங்கதானே என்பேன். அதற்கும் அமுக்கினால் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன், கும்பிட்டாலும் சரி, திட்டினாலும் சரி. ஒருமுறை கோட்டூர் ரோட்டில் ஒரு வீட்டில், வாங்க வாங்க என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள், அந்த அம்மாளின் கட்டைவிரலை நான் மை பேடில் வைத்த பிறகுதான் மூஞ்சியைப் பார்த்தேன், வாய் திறந்திருந்தது, ஈ உட்கார்ந்து எழுந்தது. நான் எழுந்து நின்றேன். இன்னும் சூடு இருக்குதுங்களே என்றான் அந்த வீட்டு ஆள், குறையாகச் சொல்லவில்லை, நம்பிக்கையாகச் சொன்னான், சூடு இருக்கிறவரைக்கும் சட்டத்தில் இடமிருக்கும் என்பது போல. மை பேடைச் சுவரில் எறிந்துவிட்டு வந்தேன். சுவரில் ஊதாக் கறை விழுந்ததைப் பார்த்தேன். அதற்கப்புறம் எந்தக் கையைத் தொட்டாலும் முதலில் சூட்டைத்தான் பார்க்கிறேன், அது என்னையறியாமல் நடக்கிறது, வீட்டில் பெண்டாட்டி கையைத் தொட்டால்கூட.

இந்தக் கிழவர் கை சூடாகத்தான் இருந்தது. பெரிய கை. உடம்பெல்லாம் வற்றி, கழுத்து நரம்பு கயிறாகத் தெரிகிறது, கை மட்டும் வற்றவில்லை. வந்து உட்கார்ந்து, பேப்பரைப் பிரித்து, ராக்கியப்பன் என்ற பேரைப் படித்தபோதும் எனக்கு உறைக்கவில்லை, இந்த ஊரில் எத்தனை ராக்கியப்பன், கையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. மாட்டுத் தரகு ராக்கியப்பன். சந்தையில் இந்தக் கைக்காக ஆள் காத்திருக்கும். பாலக்காட்டு வியாபாரிகள் லாரியைவிட்டு இறங்கினதும் கேட்கிற முதல் பேர். மகன் தண்டபாணிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, தெரிந்திருந்தால் வேறு நோட்டரியைக் கூப்பிட்டிருப்பான். அவனும் கொஞ்ச காலம் அப்பனோடு சந்தைக்கு வந்தவன்தான், ஒத்துவராமல் லாரி வாங்கி ஓட்டப் போய்விட்டான். அவன் கொடுத்த பேப்பர் ஒரு உயில். வேறு யாரோ எழுதிக்கொடுத்தது, நல்ல மனநிலையில், யாருடைய தூண்டுதலும் இன்றி, என் முழுச் சம்மதத்தின் பேரில் என்று ஆரம்பித்து, இந்த வீடு முழுவதும் மகன் தண்டபாணிக்கு என்று முடிகிறது. மகள் வசந்தாமணி பேரே அதில் இல்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் பல வருஷம் முன்பே இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள், அப்பனுக்கு வாயும் காலும் விழுந்த நாளிலிருந்து புரட்டிப் போட்டுத் துடைக்கிறவள், இப்போதும் சமையலறையில் மிக்சி ஓடுகிறது, சோற்றைக் கஞ்சியாக அடிக்கிறாள். உயில் இல்லாமல் கிழவர் போய்விட்டால் வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. உயிலில் கட்டைவிரல் விழுந்து, பக்கத்தில் என் முத்திரையும் விழுந்துவிட்டால் அவளுக்கு ரோடுதான். சாட்சிக்கு இரண்டு டிரைவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் காருக்குள் உட்கார வைத்திருக்கிறான் தண்டபாணி. அவனையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, அப்பனின் ஆஸ்பத்திரிக்காக ஒரு லாரியை விற்றவன். எனக்கு ஏன் இதெல்லாம். எனக்கு வேலை ஒன்றே ஒன்று, இந்த மனுஷனுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா, இதில் அவருக்குச் சம்மதமா, அவ்வளவுதான். யாருக்கு வீடு என்பது என் கேள்வியே இல்லை.

ஆனால் இது ராக்கியப்பன். என் தோளிலிருந்த துண்டை உருவியவர். அப்போது எனக்குச் சின்ன வயசு, சந்தையில் தரகனாகக் கால் ஊன்றிக்கொண்டிருந்தேன், துண்டுக்குள் கை போட்டு ஒரு பாலக்காட்டான் விரலைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தேன், ஒரு ஜோடி காளைக்கு. மாட்டு வியாபாரத்தில் வாயால் விலை சொல்லமாட்டார்கள், துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேச்சு, பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியக்கூடாது, உள்ளே என்ன நடந்தது என்று அப்புறமும் யாரும் கேட்கக்கூடாது, அப்பன் மகனைக் கேட்கமாட்டான். அந்தத் துண்டைத்தான் இந்தக் கை வந்து உருவியது. சந்தை முழுக்கப் பார்த்தது, பிடித்த விரல் பிடித்தபடி என் கையும் பாலக்காட்டான் கையும், வேட்டி அவிழ்ந்து நிற்கிறவன்போல நின்றேன். இவன் ரெண்டு பக்கமும் விரல் பேசறான், இனிமே இவன்கூட எவனும் துண்டு போடாதீங்க என்றார். விற்கிறவனிடம் ஒரு விலை, வாங்குகிறவனிடம் ஒரு விலை பேசி ஏமாற்றுகிறேனாம். பொய். வேறு யாரோ செய்ததை என் தலையில் கட்டினார். கேட்க ஆளில்லை. அதற்கப்புறம் ஒருவனும் என்னோடு துண்டு போடவில்லை, டீக்கடையில்கூடத் தள்ளி உட்கார்ந்தார்கள், தேங்காய் மண்டியில் மூட்டை தூக்கினேன், நூல் கமிஷன் பார்த்தேன், பாதியில் விட்ட படிப்பைத் தபாலில் முடித்து, வெளி மாநிலத்துக்கு ரயிலேறிப் போய்ப் பரீட்சை எழுதி வக்கீலானேன், பட்டத்தைச் சொல்லி இங்கே கோர்ட்டில் சிரித்தார்கள், சிரித்தவர்களோடெல்லாம் சண்டை போட்டேன், எல்லாச் சண்டையிலும் என் மனசுக்குள் எதிரே நின்றது இந்த ஆள்தான். நேரில் பார்த்தால் என்ன சொல்வது என்று குளிக்கும்போது, ஸ்கூட்டர் ஓட்டும்போது, எத்தனையோ முறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன், ஒவ்வொரு முறையும் இன்னும் நன்றாகச் சொன்னேன். இன்று எதிரே படுத்திருக்கிறார். மூத்திரப் பை தொங்குகிற மனுஷனிடம் எதைச் சொல்வது.

அதனால் கேள்வியைக் கேட்டேன், வழக்கம்போல. உங்க பேரு ராக்கியப்பன்தானே. அமுக்கினார். இது உயிலுங், வீட்டை மகனுக்கு எழுதறீங், தெரியுதுங்களா. அமுக்கினார். உங்களுக்கு ஒன்பது பிள்ளைங்கதானே. அதற்கும் அமுக்கினார், அதே அழுத்தம், ஒரு இழை கூடக் குறைவில்லை. சரி, முடிந்தது, தெளிவில்லை, குத்த முடியாது, கிளம்பவேண்டியதுதான் என்று பிடியைத் தளர்த்தினேன். அப்போது ஒரு ஈ வந்து அவர் கைமேல் உட்கார்ந்தது. கோட்டூர் ரோட்டு ஈ. அந்த ஈயை என்னால் பார்க்க முடியாது. தலைமாட்டில் எச்சில் துடைக்கிற துண்டு கிடந்தது, எடுத்து இரண்டு கைகளுக்கும் மேலே போட்டேன், ஈக்காகத்தான் போட்டேன், வேறெதற்கும் இல்லை, சத்தியமாக ஈக்காகத்தான். துண்டு விழுந்ததும் உள்ளே கை மாறியது. அதுவரை ஒரு கட்டையாக என்னைப் பிடித்திருந்த கை, விரல் விரலாகப் பிரிந்தது. என் சுண்டுவிரலை ஒதுக்கிவிட்டு நடு மூன்று விரலையும் சேர்த்துப் பிடித்து, விட்டு, உள்ளங்கைக்கு வந்து, கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழாக ஒரு கீறு. எங்கள் சந்தையில் அதற்கு ஒரே அர்த்தம்தான், இது விக்கிறதுக்கில்லை, எவ்வளவு கொடுத்தாலும் இல்லை, கையை எடு. வாசலில் தண்டபாணி போனில் யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். நான் கிழவர் முகத்தைப் பார்த்தேன். கண் என்மேல் இல்லை, துண்டுமேல் இருந்தது. அப்புறம் இமை இறங்கியது, அவ்வளவுதான், வாய் ஒரு பக்கமாகக் கோணி மூச்சு இழுத்தது, தூங்கிவிட்டார்.

வசந்தாமணி காபி கொண்டு வருகிறாள். டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு, மூத்திரப் பையைத் தூக்கிப் பார்க்கிறாள், போர்வையை இழுத்துவிடுகிறாள், பேப்பரைப் பார்க்கவே இல்லை. நான் கேட்காமலேயே இருந்திருக்கலாம், கேட்டேன், அப்பா இப்படிக் கையைப் பிடிச்சு ஏதாச்சும் பண்ணுவாருங்களா என்று. "எல்லாத்து கையையும் புடிச்சுக்குவாருங்ண்ணா. பால்காரன் கையப் புடிச்சுட்டு விடவே மாட்டீன்ட்டாரு, அவன் அழுதுட்டான் போங்" என்று சிரிக்கிறாள். டாக்டர்கூடச் சொன்னாராம், மூளையில் அடிபட்டால் கைக்குழந்தை மாதிரி தொட்டதையெல்லாம் பிடிக்கும், அதை அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள் என்று. நகத்தால் கீறுவாரா என்கிறேன். இல்லை, நகத்தை நேற்றுத்தான் வெட்டினேன் என்கிறாள், பிறகு கிழவரின் மூடிய கையைத் தொட்டுக் காட்டி, கட்டைவிரலை மட்டும் வெட்ட விடவில்லை, உள்ளே மடித்து வைத்துக்கொள்கிறார், இரண்டு நாளாக இப்படித்தான் என்கிறாள். இரண்டு நாள் முன்புதான் தண்டபாணி உயிலைக் கொண்டுவந்து இந்தக் கட்டில் பக்கத்தில் நின்று படித்துக் காட்டினானாம். அதைச் சொல்லும்போது குரலில் ஒன்றுமில்லை, மழை வந்தது என்பதுபோலச் சொல்கிறாள். நீ ஒண்ணும் கேக்கலையா அம்மிணி என்றேன். "அண்ணன் கெட்டவனில்லீங். என்னையப் போன்னு சொல்லமாட்டான். அவனுக்கப்புறம் அவன் பசங்க சொல்லுவாங்க. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்கிறாள். அப்புறம் டம்ளரைக் காட்டி, ஆறிப்போகுதுங்ண்ணா என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைப் பார்க்கப் போய்விட்டாள்.

கட்டைவிரலை மடித்து வைத்துக்கொள்கிறார். அப்படியானால் தெரிந்துதான் வைத்துக்கொள்கிறார். எந்த விரலில் மை தடவுவார்கள் என்று தெரிந்த மனுஷன் அந்த விரலை ஒளிக்கிறார். இல்லை, கைக்குழந்தையும்தான் கட்டைவிரலை உள்ளே மடித்துக்கொள்ளும், என் பேத்தியும் அப்படித்தான் தூங்குவாள். பால்காரன் கையையும் பிடித்தார். பால்காரன்மேல் யாராவது துண்டு போட்டுப் பார்த்தார்களா. அதுவும் தெரியாது. துண்டைப் போட்டதும் கிழவர் சந்தைக்குப் போய்விட்டிருக்கலாம், அவருக்கு இது வீடுமில்லை உயிலுமில்லை, ஏதோ ஒரு காளை, எவனோ கேட்கிறான், கொடுக்கமாட்டேன் என்கிறார், அந்தக் காளை செத்து எலும்பும் போயிருக்கும். ஒரு காளைக்குச் சொன்ன பதிலை வீட்டுக்குச் சொன்னதாக நான் பதிவேட்டில் எழுதுவதா. புத்தி தெளிவில்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், சட்டப்படியும் அதுதான் சரி. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் தண்டபாணி அடுத்த தெருவில் இன்னொரு நோட்டரியைப் பிடிப்பான், எனக்கு அவர்களைத் தெரியும், ஆளைப் பார்க்காமலே குத்துகிறவர்கள் இருக்கிறார்கள், சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும். முடியாது என்று அவரே சொன்னார் என்று நான் எழுதி வைத்துவிட்டால், நாளைக்குக் கோர்ட்டில் அந்த உயிலுக்கு எதிராக அது நிற்கும், வசந்தாமணிக்கு ஒரு பிடி கிடைக்கும். ஆனால் சொன்னாரா. சொன்னார் என்று கூண்டில் ஏறிச் சத்தியம் செய்வேனா, துண்டுக்குள் நகத்தால் கீறினார் எசமான் என்று. என் முத்திரை இதுவரை பொய் சொன்னதில்லை, எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். இன்னொன்று இருக்கிறது, அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். அந்தக் கீறல் நிஜமாக இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. வசந்தாமணிக்காக இல்லை. ராக்கியப்பன் என்னோடு துண்டு போட்டார் என்று இருக்கவேண்டும். இவன்கூடப் போடாதீங்க என்று சொன்ன கை, கடைசியில் என் கையைத் தேடி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். அந்த ஆசையை வைத்துக்கொண்டு இந்தக் கோட்டைப் பார்த்தால் கோடு சிவப்பாகத் தெரியாமல் வேறெப்படித் தெரியும். மாட்டின் வயசைப் பல்லில்தான் பார்ப்பார்கள், சொந்த மாட்டைத் தானே வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பானா. காபி ஆறிவிட்டது. மோட்டார் வரிசை மாற்றுகிறது, கிழவர் இடது தோள் மெல்ல எழுகிறது, ஏதோ எழுந்து உட்காரப் போகிறவர்போல, பிறகு இறங்குகிறது.

தண்டபாணி உள்ளே வந்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இன்னும் எவ்வளவு நேரம், டிரைவர்கள் லோடு ஏற்றப் போகவேண்டும், ஒரு கட்டைவிரல் வைக்க இத்தனை கூத்தா என்கிறான், மடித்திருந்தால் பிரித்து வைக்கவேண்டியதுதானே என்கிறான். பிரித்து வைக்கிறதென்றால் நீயே குத்திக்கொள், நான் எதற்கு என்று எனக்கும் குரல் ஏறிவிட்டது. அவன் என் பையை எடுத்து என் மடியில் வைத்தான், எறியவில்லை, வைத்தான், ஆனால் கிளம்பு என்கிறான் என்று புரிந்தது. முடியாதுன்னு சொல்லிட்டாரு உங்கப்பா என்றேன். வந்துவிட்டது வாயில். வந்த பிறகு விழுங்க முடியாது. அவன் சிரித்தான். "வாயே இல்லாத மனுசன். எப்படிங்க வக்கீலய்யா சொன்னாரு?" துண்டுக்குள்ள சொன்னாரு என்றேன். சிரிப்பு நின்றது. என் முகத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறவன்போலப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான், எங்கேயோ இருந்து என் பழைய முகத்தைத் தோண்டுகிறான் என்று தெரிந்தது, தோண்டி எடுத்துவிட்டான். "சந்தையில அப்பா துண்ட உருவுன ஆளுதானுங்களா நீங்க. அந்தக் கணக்க இங்க வந்து தீக்கறீங்களா. ரெண்டு பக்கமும் விரல் பேசற ஆளுன்னு சும்மாவா சொன்னாரு." அந்தச் சந்தை, அந்த வெயில், எல்லாக் கண்ணும். எழுந்து நின்றேன். அப்போது நான் செய்த காரியத்தை எந்த நோட்டரியும் செய்யமாட்டான், செய்யக்கூடாது, தரகன்தான் செய்வான், மாடு கைவிட்டுப் போகும்போது கடைசியாக ஒன்றைத் தூக்கிப் போடுவானே, அப்படி. "நான் சொன்னா நீ நம்பமாட்டே. நீயும் சந்தைக்கு வந்தவன்தான், விரல் தெரியும். நீயே துண்டுக்குள்ள கைய விடு. கேட்டுட்டு வந்து சம்மதம்னு நீ சொன்னா, மறு பேச்சில்லாம குத்தித் தர்றேன்."

என்ன சொன்னேன் நான். வீடு வேண்டுமென்று நிற்கிறவனையே கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன், துண்டுக்குள் நடப்பது மூன்றாம் ஆளுக்குத் தெரியாது, சம்மதம் என்று அவன் சொன்னால் இல்லை என்று நான் எதை வைத்துச் சொல்வேன், என் வாயாலேயே என் முத்திரையை அவன் கையில் கொடுத்துவிட்டேன், சமையலறை வாசலில் கஞ்சிக் கிண்ணத்தோடு வசந்தாமணி நிற்கிறாள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள், அவள் வீட்டை வைத்து நான் சூதாடியிருக்கிறேன். வேண்டாம், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லலாம். ஆனால் பேசிய பேச்சிலிருந்து பின்வாங்கினால் ராக்கியப்பன் சொன்னது நிஜமாகிவிடும். இந்தச் சத்தத்தில் கிழவர் விழித்துக்கொண்டார். கண் தண்ணீராக, கலங்கி, கூரையைப் பார்த்து, பிறகு மகனைப் பார்த்தது. தண்டபாணி நாற்காலியில் உட்கார்ந்தான். துண்டை அவனே எடுத்து உதறி அப்பன் கைமேல் போட்டான், உதறிய விதத்திலேயே தெரிந்தது, சந்தையை மறக்கவில்லை. கையை உள்ளே விட்டான்.

துண்டு அசைகிறது. மோட்டாரா, விரலா. நான் நிற்கிற இடத்திலிருந்து துண்டின் ஓரம் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் தொங்குகிறது, மஞ்சள் கோடு போட்ட ஓரம், எச்சில் காய்ந்து விறைத்திருக்கிறது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும். எல்லாம் தெரிந்துவிடும், விரல் எங்கே இருக்கிறது, நகம் எங்கே இருக்கிறது, சொல்கிறாரா இல்லை குழந்தைபோலப் பிடித்துக்கொண்டிருக்கிறாரா, என் உள்ளங்கைக் கோட்டுக்கு அர்த்தம் இருக்கிறதா, இந்தப் பயல் பொய் சொல்லப் போகிறானா, எல்லாம். எனக்குப் பாத்தியதையும் உண்டு, என் துண்டை இந்தக் கிழவர் உருவினார். கை நீண்டுவிட்டது. என் கைதான், எனக்கு முன்னால் போய்த் துண்டின் ஓரத்தைப் பிடித்திருக்கிறது. தண்டபாணி அதைப் பார்க்கவில்லை. அவன் அப்பன் முகத்தையும் பார்க்கவில்லை, கூட்டத்தில் துண்டு போட்டுப் பேசுகிறவன் எங்கேயோ பார்ப்பானே, அப்படி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், தாடை மட்டும் இறுகியிருக்கிறது. இறுகியது ஒருமுறை தளர்ந்தது. மறுபடி இறுகியது. உள்ளே யாரோ யாரிடமோ ஏதோ கேட்கிறார்கள், பதில் வருகிறது, மறுபடி கேட்கிறார்கள், நீளமாகப் போகிறது, ஒரு வீட்டுக்கு இவ்வளவு பேச்சு இல்லை, ஒரு காளைக்கும் இல்லை. கிழவரின் கோணல் வாய் திறந்து மூடுகிறது, சத்தம் ஒன்றும் வரவில்லை. நான் பிடித்திருந்த ஓரம் ஃபேன் காற்றில் மேலே எழப் பார்த்தது. எழாமல் கட்டில் சட்டத்தோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தண்டபாணி கையை வெளியே எடுத்தான். எடுத்த கையை விரித்துப் பார்க்கவில்லை, மூடினபடியே மடியில் வைத்துக்கொண்டான், கட்டைவிரல் உள்ளே. நான் கேட்கவேண்டியது, என்ன சொன்னாரு, இரண்டே வார்த்தை, கேட்பதுதான் என் தொழில், கேட்காமல் நான் எந்தக் கட்டிலையும் விட்டு எழுந்ததில்லை. "என்னண்ணா சொன்னாரு அப்பா?" என்று வசந்தாமணிதான் கேட்டாள். அவன் ஸ்டூலிலிருந்த உயிலை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். "ஒண்ணுமில்ல. கஞ்சி ஆறுது பாரு, ஊத்து" என்றான். அப்புறம் தலையைத் திருப்பாமல், நீங்க கிளம்புங் வக்கீலய்யா என்றான். அவள் கிண்ணத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து அப்பனின் தலையைத் தூக்கினாள், தூக்க வாகாக அவன் மறுபக்கம் போய்த் தோளுக்குக் கை கொடுத்தான். நான் பையைக் கட்டினேன். மை பேடைத் திறக்கவே இல்லை, விரல் துடைக்கத் தேங்காயெண்ணெய் நனைத்துக் கொண்டுவந்த துணி சுத்தமாக இருந்தது. துண்டு கட்டில் ஓரத்தில் சரிந்து கிடந்தது. மடித்துத் தலைமாட்டில் வைத்தேன், கிழவரின் கை அது போன திசையில் கொஞ்சம் நகர்ந்தது, அல்லது மெத்தைதான் நகர்த்தியது. துண்டுக்குள் நடந்ததைக் கேட்காமலே வாசலுக்கு வந்து ஸ்கூட்டரை எடுத்தேன். வெயிலில் ஹேண்டில் பார் கொதித்துக் கிடந்தது, பிடித்ததும் உள்ளங்கையில் அந்த ஒரு இடம் மட்டும் தனியாக எரிந்தது.